வேலை கேட்காதீர்கள், விவரம் கேளுங்கள்



தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். அந்த வீட்டின் முதல் பட்டதாரியாக ஒரு பெண் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்ணில் குறையில்லை. ஆனால் எந்தக் கம்பெனியில் யாரை அணுகுவது, நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது, எவ்வளவு சம்பளம் கேட்பது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வசதியான குடும்பத்தில் இதையெல்லாம் ஒரு மாமா சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிடுவார். அப்படி ஒரு மாமா இல்லாத பிள்ளைகளுக்கு, அதே கல்லூரியில் படித்து முடித்த அண்ணன்மார்களும் அக்காமார்களும்தான் துணை.

இது சிபாரிசு ஆகாதா என்று சிலர் கேட்கலாம். தகுதியில்லாதவரை உள்ளே தள்ளிவிடுவதுதான் சிபாரிசு. தகுதியுள்ளவருக்கு வாசல் எங்கே என்று காட்டுவது வழிகாட்டல்.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்கே அடிக்கடி சந்திக்கும் ஒருவர் உதவியிருந்தார். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகச் சந்தித்தவர்கள். காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதிய செய்தி வெளியிலிருந்துதான் வர வேண்டும். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வும், ஓரளவே பழக்கமுள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள் என்று காட்டியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்து, இன்று தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் சீனியர் அப்படிப்பட்டவர்தான்.

2025 ஜனவரியில் ஜொகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. புதிய நிறுவனங்கள் எப்படிப்பட்ட ஆள்களைத் தேடுகின்றன என்பது உள்ளே இருப்பவர்களுக்கே முதலில் தெரியவரும்.

மாணவர்களே, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடுவதற்கு முன்பே தொடங்குங்கள். உங்கள் பெயர், படிப்பு, ஒரே ஒரு கேள்வி. பதினைந்து நிமிடம் பேச நேரம் கேளுங்கள். முதல் கடிதத்திலேயே வேலை கேட்காதீர்கள். பேசிய பின் நன்றி சொல்லுங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, அதையும் அவருக்குத் தெரிவியுங்கள். அப்படிச் செய்பவரை எந்த சீனியரும் மறக்கமாட்டார்.

முன்னாள் மாணவர்களே, ஆண்டுக்கு இரண்டு பேரின் சுயவிவரத்தைத் திருத்திக் கொடுங்கள். நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடத்துங்கள். காலியிடம் வந்தால் தகவல் சொல்லுங்கள். தேர்வு செய்வதை நிறுவனத்திடம் விட்டுவிடுங்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழகம் சென்றவர்கள் திரும்பி வந்து தங்கள் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கை பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடக் கூடாது. முதல் சம்பளம் வாங்கும் நாள் வரை நீள வேண்டும்.