பதக்கத்தின் மூன்றாவது முகம்



சாத்தான்குளத்தில் வரலாற்றுப் பாடம் நடத்திய நாட்களில், "நினைவுப் பதக்கத்துக்கு எத்தனை முகம்?" என்று நான் கேட்பதுண்டு. "இரண்டு" என்று வகுப்பே முழங்கும். "மூன்று" என்பேன் நான். அந்த மூன்றாவது முகத்தைப் பற்றியதே இன்றைய பேச்சு.

நம் இந்தியப் படையில் 16ஆவது லைட் கவல்ரி என்னும் பழம்பெரும் படையணி உண்டு. 1776ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டது அது. முதலில் ஆர்க்காட்டு நவாபின் பணியில் இருந்தது. பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் குதிரைப்படையில் சேர்ந்தது. குதிரைகள் போய்க் கவச வண்டிகள் வந்துவிட்டன. பெயரில் மட்டும் குதிரைப்படை நிலைத்திருக்கிறது. 1976இல் அதன் 200ஆம் ஆண்டு நிறைவை நம் அஞ்சல் துறை தபால் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. தபால் தலையாயினும் பதக்கமாயினும் நோக்கம் ஒன்றே: நிகழ்ச்சி மறைந்தாலும் நினைவு கையில் தங்கவேண்டும்.

அப்படையணி பெற்ற போர்ச் சிறப்புகளுள் ஒன்று சீரங்கப்பட்டணம். 1799 மே 4இல் அக்கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் போரிட்டு மாண்டார். அவ்வெற்றிக்குக் கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பதக்கம் அடித்தது. ஒரு முகத்தில் புலியை அடக்கும் சிங்கம். புலி திப்புவின் சின்னம். சிங்கம் பிரிட்டனின் சின்னம். மறுமுகத்தில் கோட்டையைத் தாக்கும் காட்சி. படைத்தலைவர்க்குப் பொன்; அடுத்த நிலையினர்க்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி; பிறகு வெள்ளி, வெண்கலம்; சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை. சித்திரம் ஒன்றே, உலோகம்தான் வேறு. பெற்றவர் பெயரைப் பொறித்துத் தரும் வழக்கமோ அதில் இல்லை.

எழுதப்படாமல் விடப்பட்ட அந்தப் பெயர்களே, மாணவர்களே, மூன்றாவது முகம்.

இனி நம் சீமைக்கு வருவோம். அதே 1799இல், அக்டோபர் 16ஆம் நாள், கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே 24இல் வீழ்ந்தது. முற்றுகையிட்ட படையில் ஆங்கிலேயர் மட்டுமா இருந்தனர்? நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தனர். கோட்டைக்கு உள்ளே நின்றவனும் இந்த மண்ணின் மகன். வெளியே துப்பாக்கி ஏந்தியவர்களுள் பலரும் இந்நாட்டின் மக்கள். ஒருவன் மானத்துக்காக நின்றான். மற்றவன் மாதச் சம்பளத்துக்காக நின்றான். இருவருக்கும் வீட்டில் தாய் இருந்தாள்.

வென்றவர் தம் கதையை உலோகத்தில் எழுதினர். தோற்றவர் கதையை மக்கள் நாவில் காத்தனர். கதைப்பாடலாகப் பாடிப் பாடித் தலைமுறைகளுக்குத் தந்தனர். தரைமட்டமாக்கப்பட்ட அந்த இடத்தில் 1974இல் நினைவுக் கோட்டை எழுந்ததற்கு அந்த நாவுகளும் ஒரு காரணம் என்பேன்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பழம்பதக்கம் ஏதேனும் கிடக்கலாம். புளியிட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழியும். உருக்கவும் கொடாதீர்கள். அதை அணிந்தவர் பெயர், படை, சென்ற நாடு, திரும்பிய ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.

மூன்றாவது முகத்தைப் பொறிக்கும் பணி உங்களுடையது.