நிறையை முன்கூட்டிச் சொல்லும் கணக்கு

உண்ட உணவின் கலோரிக் கணக்கைப் பதிந்துவைக்கும் செயலிகள் இன்று பலருடைய கைத்தொலைபேசிகளில் இடம்பெற்றுள்ளன. நாள் முடிவில் அன்றைய உணவையும் உழைப்பையும் கூட்டிக் கழித்து, “இன்றுபோலவே உண்டுவந்தால் ஐந்து வாரத்தில் உமது நிறை இவ்வளவாகும்” என்று எதிர்வுகூறுவனவும் அவற்றுள் உண்டு. ஐந்து வாரம் கழிகின்றது. தராசோ வேறொன்றைச் சொல்கின்றது. அப்போது பயனாளர் கணக்கை ஐயுறுவதில்லை, தம்மையே ஐயுறுகின்றார். மனவுறுதியற்றவர் என்று தம்மைப் பழித்துக்கொள்கின்றார், அல்லது உணவை மேலும் குறைத்து உடலை வருத்துகின்றார். ஆதலின் இவ்வெதிர்வுகூறல் எத்துணை நம்பத்தக்கது என்பது வெறும் எண்ணியல் வினா அன்று. உடல்நலத்தையும் மனநலத்தையும் தொடுகின்ற வினாவாகும்.

இக்கணக்குகள் பலவற்றுக்கு அடிப்படையாய் அமைந்தது ஒரு பழைய விதி. 1958 ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் மக்ஸ் விஷ்நோவ்ஸ்கி என்பார் அதனை வகுத்துரைத்தார். ஓர் இறாத்தல், அதாவது 454 கிராம், உடற்கொழுப்பிழையத்தில் ஏறத்தாழ 87 விழுக்காடே கொழுப்பு. எஞ்சியதிற் பெரும்பகுதி நீர். ஒரு கிராம் கொழுப்பு ஏறத்தாழ 9 கலோரி தரும். இவற்றைப் பெருக்கினால் ஓர் இறாத்தலுக்கு 3500 கலோரி என்னும் எண் கிடைக்கின்றது. ஆகவே நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்துண்டால் வாரத்துக்கு ஓர் இறாத்தல் குறையும் என்பது முடிவு.

கொழுப்பைப் பற்றிய கணக்கு என்ற அளவில் இதிற் பெரும் பிழை இல்லை. பிழை, உடலை மாறாத ஒரு பொருளாகக் கருதியதிலேயே உள்ளது. இவ்விதியை அப்படியே நீட்டிப் பார்த்தால் அதன் குறை விளங்கும். வாரத்துக்கு ஓர் இறாத்தல் என்றால் ஆண்டுக்கு 52 இறாத்தல். 180 இறாத்தல் நிறையுள்ள ஒருவர் நான்காம் ஆண்டு நிறைவெய்துமுன் உலகிலேயே இல்லாதொழிய வேண்டும்! அவ்வாறு நிகழ்வதில்லை. ஏனெனில், நிறை குறையக் குறைய உடலின் செலவும் குறைகின்றது. சிறிய உடலைத் தாங்குவதற்கும் நடத்திச் செல்வதற்கும் குறைந்த சக்தியே போதும். அதற்கும் மேலாக, உணவு சுருங்குவதை உணர்ந்த உடல் சிக்கனத்தையும் கைக்கொள்கின்றது.

இவ்வுண்மையை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944, 1945 ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு தெளிவாகக் காட்டியது. 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களது நிறை ஏறத்தாழக் காற்பங்கு குறைந்தது. ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியோ ஏறத்தாழ 40 விழுக்காடு வீழ்ந்தது. சோர்வும் எரிச்சலும் அவர்களைப் பற்றின; உணவைப் பற்றிய நினைவே அவர்களை ஆட்கொண்டது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்த கெவின் ஹோல் என்பவரும் அவருடைய துணைவரும் 2011 ஆம் ஆண்டில் இம்மாற்றங்களையெல்லாம் உட்படுத்திய ஒரு புதிய கணிப்பை வெளியிட்டனர். நிலையாக நாளுக்கு 10 கலோரி குறைத்தால் இறுதியில் ஓர் இறாத்தல் குறையும். அக்குறைவிற் பாதி முதலாண்டிலும், 95 விழுக்காடு மூன்றாண்டளவிலும் எய்தப்படும் என்பது அதன் சாரம். 500 கலோரி குறைப்பவருக்கு முதலாண்டிற் பழைய விதி வாக்களிப்பது 52 இறாத்தல். புதிய கணிப்பு கூறுவதோ ஏறத்தாழ 25 இறாத்தல். வாக்குறுதி பாதியாகிவிட்டது.

விதியைத் திருத்திவிட்டாலும் இடர் தீர்வதில்லை. ஏனெனில் அதனுள் இடப்படும் எண்களே உறுதியானவை அல்ல. செலவின் பக்கத்தைப் பார்ப்போம். 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த மிஃப்லின் - சென் ஜோர் சமன்பாடு வயது, பால், உயரம், நிறை ஆகிய நான்கையும் கொண்டு உடலின் ஓய்வுநிலைச் செலவை மதிப்பிடுகின்றது. அது பலருக்கு நடைமுறையிற் பொருந்தும். ஆயினும் தனியொருவருக்குப் பத்து விழுக்காடு பிழைப்பது புதுமை அன்று. வரவின் பக்கமோ இன்னும் தளர்வானது. ஒரு வீட்டுச் சம்பலில் எவ்வளவு தேங்காய், ஒரு கறியில் எவ்வளவு பால், ஓர் அகப்பையில் எவ்வளவு சோறு என்பதை எந்த அட்டவணையும் அறியாது. எத்துணை முயன்றும் நிறை குறையவில்லை என்று முறையிட்டோரை 1992 ஆம் ஆண்டில் நியூ யோர்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதிலும் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தே கூறியிருந்தமை தெரியவந்தது. அவர்கள் பொய்யுரைத்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. கண்ணளவும் நினைவும் அத்தகையன.

இப்பிழைகள் ஒன்றுசேரும்போது நேர்வதைக் காண்க. ஒருவர் 2500 கலோரி செலவிட்டு 2000 கலோரி உண்கின்றார் எனச் செயலி கருதுகின்றது. செலவிற் பத்து விழுக்காடு மிகைப்பட்டால் 250. உணவிற் பத்து விழுக்காடு குறைபட்டால் 200. அவர் சேமித்ததாக எண்ணிய 500 கலோரியில் 450 கலோரி இவ்விரண்டு சிறு பிழைகளிலேயே மறைந்துவிடும்.

இனி, தராசும் நாளுக்கு நாள் ஒன்றைச் சொல்வதில்லை. உடலிற் சேமித்துள்ள கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்த முதல்வாரத்தில் அது கரையும்போது நீரும் வெளியேறுகின்றது. நிறை சடுதியாகக் குறைகின்றது. அதனைக் கொழுப்பின் குறைவென்று மகிழ்வோர், அடுத்த வாரத்தில் வேகம் தணிந்ததும் மனமுடைகின்றனர். உப்பு மிகுந்த ஒருவேளை உணவும், பெண்களுக்கு மாதவிடாய்க் காலமும் நிறையைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும்.

அவ்வாறாயின் இச்செயலிகளைக் கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 2008 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1700 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், உண்டதை நாடோறும் எழுதிவைத்தோர் எழுதாதோரைவிட இருமடங்கு நிறை குறைந்தனர். பதிவு பயன்தருகின்றது, எதிர்வுகூறலே பிழைபடுகின்றது. நாளாந்த நிறையை விட்டு வாரச் சராசரியை நோக்குதல் நன்று. நான்கைந்து வாரச் சராசரிகள் காட்டும் போக்கே அவரவர் உடலின் உண்மையான கணக்கு. செயலியின் எண்ணும் அப்போக்கும் முரண்பட்டால், திருத்தப்பட வேண்டியது எண்ணே. நீரிழிவு முதலிய நோயுடையோரும், கருவுற்ற தாய்மாரும், வளரும் பிள்ளைகளும் உணவைக் குறைக்குமுன் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் இன்றியமையாதது.

எதிர்வுகூறலைப் பயணத்தின் திசைகாட்டியாகக் கொள்ளலாம். சென்றடையும் நாளைக் குறிக்கும் நாட்காட்டியாகக் கொள்ளலாகாது. குறித்த நாளிற் குறித்த எண் வாராமை ஒருவருடைய ஒழுக்கத்தின் மீது வழங்கப்பட்ட தீர்ப்பும் அன்று.