எண்ணிச் சொல்வதும் அமானிதமே

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்வில் செயலாளர் ஆற்றிய உரை)





இறுதியாண்டில் மோட்டாரின் வேகத்தை அளக்கும் புராஜெக்டை நம் பிள்ளைகள் சிலர் எடுக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் பணம் கொடுத்தால் சென்சார், லேப்வியூ புரோகிராம், அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுத் தரும் கடைகளும் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

லேப்வியூவில் வரி வரியாக எழுத வேண்டியதில்லை. திரையில் படங்களை வைத்துக் கம்பிபோல் கோடிழுத்து இணைத்தால் அதுவே புரோகிராம். முள் அசையும், எண் தெரியும். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால்தான் விலைக்கு வாங்கிய பிள்ளை விழிக்கிறது.

கணக்கு எளியது. மோட்டாரின் அச்சு ஒருமுறை சுற்றினால் சென்சார் ஒரு துடிப்பு தருகிறது. விநாடிக்கு 25 துடிப்பு என்றால், 60ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 1500 சுற்று. மோட்டார் உண்மையில் 1470 சுற்றினால்? விநாடிக்கு இருபத்து நாலரை. அரைத் துடிப்பை எண்ண முடியாதே! திரை 1440 என்றும் 1500 என்றும் மாறி மாறிக் காட்டும்.

இதற்கு இரண்டு வழி. அச்சில் 60 பல் உள்ள சக்கரத்தைப் பொருத்தினால் பிழை ஒரு சுற்றாகக் குறையும். அல்லது இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். 40 மில்லி விநாடி என்றால் 1500. அந்த நேரத்தை அளவீட்டுக் கருவியில் உள்ள கவுண்டர் அளக்க வேண்டும். விண்டோஸை நம்பினால், அது வேறு வேலைக்குப் போகும்போது கணக்குப் பிசகும்.

மோட்டார் நின்றால் துடிப்பே வராது. அப்போதும் பழைய 1500ஐயே காட்டாமல், குறித்த நேரத்தில் துடிப்பு வராவிட்டால் பூஜ்யம் காட்டச் செய்ய வேண்டும். ஆனால் சென்சார் கம்பி அறுந்தாலும் அதே பூஜ்யம்தான்! இயந்திரம் நின்றுவிட்டது என்று நம்பி ஒருவர் கையை உள்ளே விட்டால் என்னாகும்?

அளவையில் குறைப்போரை எச்சரிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை மதரஸாவில் ஓதியிருக்கிறோம். தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் சொன்னதாக அதை எண்ணிவிடாதீர்கள். அளந்து சொல்கிற எவரும் அமானிதம் சுமப்பவரே.

இன்று உங்களுக்குத் தரப்படுவது இந்த ஊர் மக்கள் நம்பித் தந்த பணம். ஆகவே இவ்வாண்டு முதல், இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் புராஜெக்டை நிர்வாகக் குழுவின் முன் தாங்களே இயக்கி விளக்கிய பிறகே இரண்டாம் தவணை வழங்கப்படும். எண் பிசகினாலும் பரவாயில்லை, ஏன் பிசகியது என்று சொன்னால் போதும். வீட்டில் சொந்தமாகப் பழக லேப்வியூவின் கம்யூனிட்டி பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. பெற்றோர்களே, புராஜெக்ட் வாங்கப் பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.