கருவிற் கண்ட இருதயக் கோளாறும் குழந்தையின் பிற்கால வளர்ச்சியும்



பிறக்கும் நூறு சிசுக்களில் ஏறக்குறைய ஒன்று இருதயக் குறையோடு பிறக்கின்றது. இக்குறைகளுட் பலவற்றைக் கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரங்களுக்குள், எக்கோ என்னும் ஒலியலைப் பரிசோதனையால் வைத்தியர்கள் இக்காலத்தில் முன்னரே அறிந்துகொள்ளுகின்றனர். அப்பொழுது பெற்றோர் கேட்பது, "குழந்தை பிழைக்குமா?" என்பதே. பிழைத்தபின் அஃது எவ்வாறு வளரும் என்பதையும் உடன் கேட்டல் வேண்டுமென்பதே நாம் இன்று வற்புறுத்த விரும்புவது.

ஓர் உதாரணம் கூறுவோம். இருதயத்தினின்று புறப்படும் இரு பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறியமைவது ஒரு கோளாறு. முன்னாளில் அத்தகைய சிசுக்களிற் பெரும்பாலானவை ஓராண்டு நிரம்புமுன் மடிந்தன. 1975-ஆம் ஆண்டில் பிரேஸில் தேசத்து ரண சிகிச்சை நிபுணராகிய ஜாட்டேனே, அக்குழாய்களை உரிய இடத்தில் மாற்றியமைத்து வெற்றி கண்டார். பின்னர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர்கள், 1988 முதல் 1992 வரை இச்சிகிச்சைக்கென வந்த 171 சிசுக்களைத் தம் ஆராய்ச்சியிற் சேர்த்து, அவர்களுட் பெரும்பாலாரைப் பதினாறு வயது வரையிற் கவனித்து வந்தனர். அறிவின் பொது அளவு அநேகருக்கு ஏனைய பிள்ளைகளை ஒட்டியே இருந்தது. ஆயினும், கவனம், ஞாபகம், ஒரு காரியத்தைத் திட்டமிட்டு முடித்தல் ஆகியவற்றிற் பலர் இடர்ப்பட்டனர். படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி பெற நேர்ந்தவர் பாதிக்கு மேற்பட்டோர்.

இதற்கு ரண சிகிச்சை மட்டுமே காரணமன்று. கருவிலேயே மூளைக்குச் செல்லும் இரத்தத்திற் பிராணவாயு குறைதல் கூடும். அதனால், மாதம் நிரம்பிப் பிறந்த சிசுவின் மூளையும் சில வாரங்கள் முதிர்ச்சி குறைந்ததாகக் காணப்படுவதுண்டு.

ஆதலின், கடுமையான இருதயக் குறையுடன் பிறந்த குழந்தைகளை 1 முதல் 2 வயதிற்குள்ளும், 3 முதல் 5 வயதிற்குள்ளும், மீண்டும் 11, 12 வயதிலும் வளர்ச்சிப் பரிசோதனை செய்தல் நலமென்று அமெரிக்க இருதய சங்கத்தார் 2012-இல் அறிவுறுத்தினர். பேச்சுத் தாமதமோ கைத்தடுமாற்றமோ இளமையிலேயே காணப்படின், பயிற்சியால் நற்பயன் விளையும்.

அன்பர்களே! இத்தகைய பிள்ளை பாடத்திற் பின்தங்கினால், "சோம்பேறி" என்றும் "மந்தபுத்தி" என்றும் இகழ்தல் கொடுமை. பெற்ற தாயைப் பழித்தல் அதனினுங் கொடுமை. வைத்தியர் அனுமதித்த விளையாட்டை அச்சத்தால் தடுத்தலும் தகாது. பள்ளியிற் சேர்க்கும்போதே ஆசிரியருக்கு உண்மையைக் கூறி வைப்போமாக. இருதயத்தைக் காப்பது வைத்தியர் கடமையாயின், அப்பிள்ளையின் அறிவையும் மனத்தையும் காப்பது நம் கடமையாகும்.