தொட்டிவண்டியின் ஐந்து வாயில்கள்: வால்வும் அதன் பெயர்களும்



இந்தச் சொற்பொழிவு வரிசையில் எனக்கு முன் பேசியோர் பெரும்பாலும் இலக்கியமும் இலக்கணமும் கற்பித்தவர்கள். நான் வாழ்நாளெல்லாம் ஸ்பானர் பிடித்தவன். மொழி மன்றத்தின் மேடையில் வால்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களுள் சிலர் வியக்கலாம். பேசப்போவது வால்வைப் பற்றித்தான். ஆயினும் ஒரு சொல் பொருளோடு பொருந்தாதபோது மனிதனின் மூச்சுக்கே இடர் வரும் என்பதை நான் கற்றது வால்விடத்தில்தான் என்பதால், இது மொழியைப் பற்றிய பேச்சும் ஆகும்.

வட அமெரிக்காவில் குளோரின் பெரும்பாலும் இரயிலில் பயணம் செய்கிறது. நீண்ட எஃகு உருளையைச் சக்கரங்களின்மேல் படுக்க வைத்தது போன்ற வண்டி அது. அதனைத் தொட்டிவண்டி என்று சொல்லிக்கொள்வோம். ஒரு வண்டியில் ஏறத்தாழ 80 மெட்ரிக் டன் குளோரின், அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டு அடைந்திருக்கும். நம் குடிநீரைத் தூய்மைப்படுத்தும் அதே குளோரின்தான். ஆனால் கட்டிழந்து வெளிவந்தால், ஒரு லிட்டர் நீர்மம் நானூறு லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவாக விரியும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. ஆதலால் மேலெழுந்து மறையாமல், பள்ளம் தேடித் தவழ்ந்து போகும். மனிதர் உறங்கும் உயரத்தில் அது நகரும்.

எண்ணெய் வண்டிகளைப் பார்த்திருப்பவர்கள் அடிப்பக்கத்தில் திறப்பு இருக்கும் என்று நினைப்பர். குளோரின் வண்டியின் அடிப்பக்கத்தில் ஒரு துளையும் கிடையாது. எல்லா வாயில்களும் உச்சியில், கனத்த மூடியுள்ள ஒரு பாதுகாப்புக் கூட்டுக்குள் அமைந்திருக்கும். மூடியைத் திறந்தால் ஐந்து வால்வுகள் தெரியும். நடுவில் ஒன்று, அதைச் சூழ நான்கு. சூழ்ந்திருக்கும் நான்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வண்டியின் நீளவாக்கில் அமைந்த இரண்டும் நீர்மத்தைத் தருவன. குறுக்குவாக்கில் அமைந்த இரண்டும் வாயுவைத் தருவன. பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், தண்டவாளம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்தவன் எது எது என்று சொல்லிவிடுவான். அந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவரை நான் பலமுறை மனத்திற்குள் வணங்கியிருக்கிறேன். ஏன் என்று பின்னர்ச் சொல்கிறேன்.

நீர்மம் தரும் இரண்டு வால்வுகளின் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் வேறொன்று ஒளிந்திருக்கிறது. கூண்டினுள் கிடக்கும் ஒரு கோளம். நீர்மம் அளவாகப் பாயும்வரை அது கீழே கிடக்கும். வண்டி கவிழ்ந்து மேலேயுள்ள வால்வு முறிந்துபோனால், கட்டற்றுப் பாயும் வேகமே அந்தக் கோளத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாயை அடைத்துவிடும். இதையும் வால்வு என்றே சொல்கிறார்கள். நடுவில் நிற்பதோ யாரும் தொடக் கூடாதது. தொட்டியின் உள்ளழுத்தம் குறித்த அளவைத் தாண்டினால் தானே திறந்து, அழுத்தம் தணிந்தபின் தானே மூடிக்கொள்வது. அதுவும் வால்வுதான்.

ஆக, கையால் திறப்பது ஒன்று, வேகத்தால் மூடுவது ஒன்று, அழுத்தத்தால் திறப்பது ஒன்று. வேலை மூன்று, பெயர் ஒன்று.

இவற்றைப் பொருத்துவது எவ்வாறு என்று சிறிது சொல்ல வேண்டும். வால்வின் அடித்தட்டுக்கும் தொட்டியின் மேல்தட்டுக்கும் இடையே கேஸ்கட் என்னும் மெல்லிய அடைவளையம் வைக்கப்படும். ஒருமுறை நசுங்கிய கேஸ்கட் மறுமுறை பயன்படாது. பார்ப்பதற்குப் புதிதாகவே இருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். சிக்கனம் அறிந்த கைகளுக்கு இது கடினமான பாடம். பிறகு நட்டுகளை இறுக்க வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தட்டு சாய்ந்துவிடும்; எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி வரவேண்டும். எவ்வளவு இறுக்குவது? நம் பட்டறைகளில் “நல்லா இறுக்கு” என்போம். நல்லா என்பது ஓர் அளவன்று. முறுக்குவிசை காட்டும் ஸ்பானரில் தெரியும் எண்தான் அளவு. கேஸ்கட் அழுத்தத்தின்கீழ் மெல்லத் தளர்ந்து இடம்கொடுப்பதால், நேற்றைய இறுக்கம் இன்று இறுக்கமாக இராது. வண்டி புறப்படுமுன் மீண்டும் ஒருமுறை ஸ்பானரை வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடும்போதும் ஓர் எல்லை உண்டு. கசிகிறதே என்று ஸ்பானரின் முனையில் நீண்ட குழாயைச் செருகித் திருகினால், தண்டின் நுனியும் அது அமரும் இருக்கையும் சிதைந்து, கசிவு நிலைத்துவிடும். கசிவு பல நேரம் அங்கே இருப்பதும் இல்லை. தண்டைச் சுற்றியுள்ள பொதிவிலேயே இருக்கும். பொதிவின் நட்டை மெல்லத் திருகினால் போதும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க அம்மோனியாக் கரைசலின் ஆவியை அருகே காட்டுவார்கள். குளோரின் இருக்கும் இடத்தில் வெண்புகை எழும். கரைசலையே தெளித்துவிடக் கூடாது, ஆவி மட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பகை நீர். ஈரமற்ற குளோரினைச் சாதாரண எஃகே தாங்கும். ஈரம் சேர்ந்ததும் அதே குளோரின் அதே எஃகைத் தின்னத் தொடங்கும். ஆகவே வால்வைப் பொருத்துமுன் எண்ணெய்ப் பசையின்றிக் கழுவி, நீர்ப்பசையின்றி உலர்த்த வேண்டும். குளோரின் கசியும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. தீயைக் கண்டால் நீரைத் தேடுவது நம் இயல்பு. இங்கே அந்த இயல்பே கசிவைப் பெரிதாக்கும்.

வட அமெரிக்க இரயில்துறையில் ‘விபத்தில்லாக் கசிவு’ என்று பொருள்படும் ஒரு தொடர் வழங்குகிறது. வண்டி கவிழவில்லை, மோதவில்லை. நின்ற இடத்திலோ ஓடும் வழியிலோ கசிகிறது. இத்தகைய கசிவுகளுக்குப் பெருங்காரணம் சரியாக இறுக்கப்படாத போல்ட்டும் மூடியும்தான். செய்தித்தாளில் வருவது கவிழ்ந்த இரயில். பராமரிப்புப் பதிவேட்டில் வருவது தளர்ந்த நட்டு.

கவிழாத வண்டியிலும் பேரிடர் வரக்கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2002 ஆகஸ்ட் 14 அன்று, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஃபெஸ்டஸ் என்னும் ஊருக்கு அருகே, தொட்டிவண்டியிலிருந்து குளோரினை இறக்கிக்கொண்டிருந்த நெகிழ்குழாய் வெடித்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் 48,000 பவுண்டு, அதாவது 21,000 கிலோகிராமுக்கு மேல், குளோரின் வெளியேறியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர். மூவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அமெரிக்க வேதிப்பாதுகாப்பு விசாரணை வாரியம் ஆராய்ந்தபோது இரண்டு உண்மைகள் தெரியவந்தன. முதலாவது, குழாயைச் சுற்றிப் பின்னப்பட்ட உலோகம். உள்ளுறையை ஊடுருவி வரும் குளோரினைத் தாங்கவல்ல ஹேஸ்டலாய் என்னும் கலப்புலோகத்தால் அது பின்னப்பட்டிருக்க வேண்டும். உடன் வந்த தாள்களும் அப்படியே கூறின. ஆனால் குழாயில் இருந்தது துருவேறா எஃகு. இரண்டும் வெள்ளி நிறம். இரண்டும் ஒரே பின்னல். கண்ணால் வேறுபாடு காண இயலாது. தாளில் ஒரு பெயர், குழாயில் வேறொரு பொருள். இரண்டாவது, இத்தகைய வேளைக்கென்றே வைக்கப்பட்டிருந்த அவசர வால்வுகள். உள்ளே சேர்ந்திருந்த அரிமானப் பொருள் அவற்றுட் சிலவற்றை முழுமையாக மூடவிடவில்லை. பெயர் ‘அவசர வால்வு’. அவசரத்தில் அது வால்வாக இல்லை.

கடைசியில் அந்தக் கசிவை நிறுத்தியவை மனிதக் கைகள். பாதுகாப்பு உடையணிந்த மீட்புக் குழுவினர் மஞ்சட்பச்சைப் புகையினூடே நடந்து, தொட்டிவண்டியின்மேல் ஏறி, உச்சியிலிருந்த வால்வுகளைக் கையால் திருகி மூடினார்கள். அந்தப் புகைக்குள் நின்று தடவிப் பார்க்கும் ஒருவனுக்கு, எந்த வால்வு எது என்ற அறிவு நெஞ்சில் அல்ல, விரல்நுனியில் இருக்க வேண்டும்.

இனி, சொற்களுக்கு வருகிறேன். வால்வு என்பதற்கு நம் கலைச்சொல் அகராதிகளில் அடைப்பிதழ், தடுக்கிதழ், ஓரதர் முதலிய சொற்கள் உள்ளன. அழகிய சொற்கள், குறைசொல்ல வரவில்லை. ஆனால் இதழ் என்பது இதயத்தின் வால்வுக்குப் பொருந்தும் சொல். அங்கே மெய்யாகவே இதழ் உண்டு. குளோரின் வண்டியின் வால்வில் இதழ் இல்லை. தண்டும் இருக்கையும் உண்டு. ஓரதர் என்பது ஒரே வழி. ஒருபக்கம் மட்டும் செல்லவிடும் வால்வுக்கு அது மிகப் பொருந்தும். கையால் திறந்து மூடும் வால்வுக்குப் பொருந்தாது. நம் அண்டை மொழியான மலாயில் வால்வை ‘இஞ்ஜாப்’ என்கிறார்கள். மீன்பிடிக்கும் கூண்டின் வாயில், உள்ளே போகவிட்டு வெளியே வரவிடாமல் ஈர்க்குகளால் அமைத்த தடுப்புக்கு வழங்கிய பெயர் அது. மீனவனின் கையிலிருந்து பட்டறைக்கு வந்த சொல். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறு பொறாமை உண்டு. ஆனால் அதுவும் ஒருவழி வால்வின் உருவமே.

நம்மிடம் அப்படிப்பட்ட சொல் இல்லையா? ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். நீரை வேண்டும்போது திறந்துவிடும் வாய்க்கு மதகு என்றும் தூம்பு என்றும் பெயர். ஏரி நிறைந்தபின் மிகுந்த நீர் தானே வழிந்தோடிக் கரையைக் காக்கும் இடத்திற்குக் கலிங்கு என்று பெயர். மதகைத் திறப்பவன் மனிதன்; கலிங்கில் நீர் வழிய யார் கட்டளையும் வேண்டியதில்லை. கலிங்கை அடைத்தால் கரை உடையும் என்பது உழவன் அறிந்தது. தொட்டிவண்டியின் நடுவில் நிற்கும் ஐந்தாவது வால்வு கலிங்கு அல்லாமல் வேறென்ன? வேலை வேறானால் பெயரும் வேறாக வேண்டும் என்பதை ஏரி கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். நாமோ எல்லாவற்றையும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குள் அடக்கி, பிறகு அந்த ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அழுத்தம் விடுக்கும் வால்வை நாளையே கலிங்கு என்று அழையுங்கள் என்று நான் சொல்லவில்லை; பட்டறையில் சிரிப்பார்கள். வகுப்பறையில் அதன் வேலையை விளக்கக் கலிங்கைச் சொல்லுங்கள். மாணவன் மறக்கமாட்டான்.

இவ்வளவும் சொன்னவன் தன் பிழையையும் சொல்லிவிட வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் தொட்டிவண்டி கிடையாது. குளோரின் ஒரு டன் உருளைகளில் வரும். உருளையைப் படுக்க வைத்தால் அதன் ஒரு முகத்தில் இரண்டு வால்வுகள் இருக்கும், இரட்டைப் பிள்ளைகள்போல. அவை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி உருளையைத் திருப்பி வைக்க வேண்டும். அப்போது மேலே இருப்பது வாயு தரும். கீழே இருப்பது நீர்மம் தரும். இங்கே பெயர் வால்வில் இல்லை. உருளை கிடக்கும் கிடையில் இருக்கிறது. தலைகீழாக உருட்டினால் பெயர்களும் இடம் மாறிவிடும்.

அப்போது எங்கள் பிரிவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் சிலர் புதிதாகச் சேர்ந்திருந்தனர். ஆங்கில அட்டை அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கோ மொழிப்பற்று. ஒரு நாள் மாலை சுண்ணக்கட்டி எடுத்து, மேல் வால்வின் அருகே ‘வாயு’ என்றும், கீழ் வால்வின் அருகே ‘நீர்மம்’ என்றும் அழகாக எழுதிவைத்தேன். வீட்டுக்குப் போகும்போது பெருமிதமாக இருந்தது. அன்றிரவு அந்த உருளையை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வந்த இளைஞர், நான் எழுதியதை நம்பி ‘வாயு’ வால்வை இணைத்துத் திறந்தார். வந்தது நீர்மம். வாயு செல்ல வேண்டிய கருவியில் வெண்பனி படர்ந்தது, இணைப்பு கசிந்தது. அவர் ஒருநாள் மருத்துவமனையில் இருந்து, நலமாகத் திரும்பினார். பார்க்கப் போனபோது, “அண்ணே, தமிழ்ல எழுதியிருந்துச்சு, அதான் சரியா இருக்கும்னு நம்பித் திறந்துட்டேன்” என்றார். குறைகூறும் குரலில் அல்ல. அதனால்தான் இன்றும் அது காதில் கேட்கிறது.

அதன்பின் உருளையின்மேல் யாரும் எழுதுவதை நான் அனுமதிக்கவில்லை. உருளையை வைக்கும் தாங்கியின் பக்கத்திலேயே, உருளை எப்படி உருண்டாலும் மாறாத இடத்தில், ஓர் அட்டையைத் தமிழில் எழுதித் தொங்கவிட்டோம். “இரண்டு வால்வும் நேர்க்கோட்டில் மேலும் கீழுமாக இருக்கிறதா? இல்லையெனில் தொடாதே. இருந்தால், இப்போது மேலே இருப்பது வாயு.” வாசகத்தை நான் எழுதவில்லை, மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்த இளைஞர்தான் எழுதினார். “இப்போது” என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதினார். நான் ஓய்வுபெற்ற நாள்வரை அந்த அட்டை அங்கேயே தொங்கியது.