முள் எந்தப் பம்ப்பைச் சொல்கிறது?



பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கிளப்பும் முன் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரை ஒரு கணம் குனிந்து பார்ப்பார்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அமுக்கினால் சாய்ந்து நிற்கும் முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். அதுதான் இடம். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, ஓங்கி ஓர் உதை. இடம் தெரியாமல் உதைத்தவரைக் கிக்கர் திருப்பி உதைத்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

மின்சாரத்துக்கு ஒரு மீட்டர், வேகத்துக்கு ஒரு மீட்டர், இரு பக்கமும் டைகர் லேம்ப் என்ற சின்ன விளக்குகள். ஆயில் ஓடுகிறதா என்று சொல்ல மட்டும் அந்த முகப்பில் ஒன்றும் கிடையாது. 1955-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் பிறந்தது என்ஃபீல்டு இந்தியா. அது திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் செய்து அனுப்பிய காஸ்ட் அயர்ன் இன்ஜின் வண்டிகளைத்தான் சொல்கிறேன். டிப்ஸ்டிக் இருக்கிறதே என்பீர்கள். கிணற்றில் தண்ணீர் கிடப்பதும் வயலுக்குப் பாய்வதும் ஒன்றா?

என் வண்டியும் அந்தக் கூட்டம்தான். கனெக்டிங் ராடைக் கிராங்கோடு சேர்க்கும் பிக் எண்ட் பேரிங் ஒரு முறை தேய்ந்து, இன்ஜினை முழுக்கப் பிரித்துச் செலவு செய்தபின், ஆயில் பிரஷர் கேஜ் மாட்டியே தீர்வது என்று முடிவு செய்தேன்.

கேஜுக்குள் இருப்பது வெகு எளிய சங்கதி. திருவிழாக் கடையில் குழந்தைகள் வாங்கி ஊதுவார்களே, சுருண்ட காகித நாக்கு, ஊதினால் விரியும். அதே வேலையைத் தட்டையாக்கி வளைத்த பித்தளைக் குழாயை வைத்துச் செய்தால் கேஜ். ஆயில் உள்ளே நெருக்கும்போது வளைவு கொஞ்சம் நிமிரும். அந்த அசைவைச் சின்னப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை பெரிய மாற்றமில்லை.

மாட்டுவதற்கு எனக்குச் சுலபமாகத் தெரிந்த இடம், வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறும் வெளிக்குழாய். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, போல்ட்டைக் கழற்றி ஒரு கிளை எடுத்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். முள் அழகாக ஏறி நின்றது. அடுத்த வாரம் பெருமையோடு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “தம்பி, இது எந்தப் பம்ப்போட பிரஷர்?” என்றார்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. புல்லட்டின் வலப்பக்க டைமிங் கவருக்குள் இரண்டு பம்ப்கள். ஒன்று, இன்ஜின் வார்ப்பிலேயே இருக்கும் ஆயில் அறையிலிருந்து எடுத்து, ஃபில்டர் வழியாகக் கிராங்க் முனைக்குள் செலுத்தி, பிக் எண்டுக்கு அனுப்புகிறது. மற்றது அடியில் வடிந்த ஆயிலை வாரி எடுத்துத் திருப்பி அனுப்புகிறது. ராக்கருக்குப் போவது இந்த இரண்டாவது பம்ப்பின் ஆயில்! பிக் எண்டைக் காப்பாற்றத்தான் கேஜே வாங்கினேன்; முள் சொன்னதோ பக்கத்து வீட்டு நலம்.

சரியான இடம் டைமிங் கவரில், கிராங்க் முனைக்கு நேரே இருக்கும் பெரிய மூடித் திருகு. ஆயில் மாற்றியபின் மெக்கானிக்குகள் அதை லேசாகத் தளர்த்தி, ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கவரைத் துளைக்கவே கூடாது. உபரியாக ஒரு மூடி வாங்கி, அதை லேத் பட்டறையில் கொடுத்துத் துளைத்து மரை போட்டுக்கொள்வதுதான் முறை. நாளைக்கு வேண்டாமென்றால் பழைய மூடியை மாட்டிவிடலாம்.

லேத்காரர் கேட்ட முதல் கேள்வி: “கேஜ்ல என்ன மரை? என்பிடியா, பிஎஸ்பியா?” இரண்டும் 1/8 அங்குல அளவில் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். என்பிடி என்ற அமெரிக்க மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரைக்கு 28. ஒன்றை மற்றொன்றில் திருகினால் இரண்டு, மூன்று சுற்று வெண்ணெய்போல் போகும். பிறகு இறுகும். ‘நன்றாக உட்கார்ந்துவிட்டது’ என்று நாம் நினைப்போம். உண்மையில் மரை அங்கே செத்துக்கொண்டிருக்கிறது. கசிவு வந்ததும் டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். அந்த டேப்பில் ஒரு நூலிழை பிய்ந்து ஆயில் வழிக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சரியான மரையும் புதுச் செம்பு வாஷரும் போதும். பழைய வாஷர்தான் இருக்கிறதென்றால் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். இரும்பு இறுகும், செம்பு இளகும்.

குழாயிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மெல்லிய செம்புக் குழாய் புல்லட்டின் அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். பிளாஸ்டிக் குழாய் சூட்டுக்குத் தாங்காது. அறுந்தால் சுடு ஆயில் உங்கள் காலிலும் பின் டயரிலும்தான். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்தான் என் தேர்வு. பம்ப் விட்டு விட்டுத் தள்ளுவதால் முள் நடுங்கும். கேஜின் வாயில் ஊசித் துளைபோல ஒரு தடுப்பு வைத்தால் அடங்கும்.

அளவுகோல் பற்றி ஒரு வார்த்தை. மெரிடனில் செய்த பழைய டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டிகளுக்கு ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 65 முதல் 80 பவுண்டு அழுத்தம் என்று கையேடே சொல்கிறது. அதைப் படித்துவிட்டு 100 பவுண்டு கேஜை வாங்கிப் புல்லட்டில் மாட்டினால் முள் அடிவாரத்திலேயே கிடக்கும். இந்த இன்ஜின் குறைந்த அழுத்தத்திலேயே காலம் தள்ளுவது. சூடேறிச் சிக்னலில் நிற்கும்போது முள் பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கும். முதல் மூன்று வாரம் சாலையைவிட முள்ளையே அதிகம் பார்த்து, வேகத்தடை ஒன்றில் பல் அதிர ஏறி இறங்கினேன்.

இன்னொன்று. தோட்டத்துக் குழாய் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள். அழுத்தம் ஏறும், தண்ணீர் குறையும். கிராங்குக்குள் வழி அடைத்தாலும் அப்படித்தான்: முள் உயரும், பிக் எண்ட் காயும். அதனால் முள் வழக்கத்தைவிட இறங்கினாலும் எனக்குக் கவலை, ஏறினாலும் கவலை. குளிர்ந்த காலையில் எவ்வளவு, 20 கிலோமீட்டர் ஓடியபின் எவ்வளவு என்று பெட்ரோல் டேங்க் பையிலிருக்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் வண்டியின் எண் என் வண்டிக்கு மட்டும்.

போன மாதம் ஆயில் மாற்றி ஃபில்டரும் புதிதாகப் போட்டேன். கிளப்பினேன். முள் அசையவில்லை. பத்து எண்ணிவிட்டு அணைத்தேன். ஃபில்டர் அறை வெறுமையாக இருந்திருக்கிறது. கேஜ் இல்லாத காலமாக இருந்தால் அப்படியே டீக்கடைவரை போயிருப்பேன். ஃபில்டர் மூடியைத் திறந்து அறையில் ஆயில் ஊற்றி, சாவியை எடுத்துவிட்டு, டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதித்தேன். கிராங்க் பல சுற்றுச் சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்று. சட்டை நனைந்தது. எத்தனையாவது மிதி என்று எண்ணவில்லை, முள் ஒரு மயிரிழை நிமிர்ந்தது. சாவியை எங்கே வைத்தேன் என்று தேட ஆரம்பித்தேன்.