மாற்று இருதயத்தைக் காக்கும் மருந்து

பால்மரம் சீவிச் சேர்த்த பால், ஆலைக்குப் போகுமுன் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா கலக்கிறோம். தானமாகப் பெறும் இருதயத்துக்கும் இப்படியொரு காவல் வேண்டும்.

இருதயத்தை எடுக்குமுன், பொட்டாசியம் கலந்த குளிர்ந்த மருந்துநீரை அதன் இரத்தக்குழாய்களில் செலுத்துகிறார்கள். துடிப்பு நின்றுவிடுகிறது. துடிக்காத, குளிர்ந்த இருதயத்துக்குச் சக்திச் செலவு மிகக் குறைவு. பனிக்கட்டிப் பெட்டியில் அது சுமார் 4 மணி நேரம் தாங்கும்.

2007 அக்டோபரில் ஜொகூர்ச் சிறுமி ஒருத்திக்குக் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் மாற்று இருதயம் பொருத்தினார்கள். உடல் அதை ஏற்கவில்லை. அடுத்துக் கிடைத்த இரண்டாவது இருதயமே அவளைப் பிழைக்கவைத்தது.

மருந்து இருதயத்தைக் காக்கும். கொடுக்க மனிதர் வேண்டுமே! மூளைச்சாவுக்குப்பின் சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடம். ஆகவே, நம் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லிவைப்போம்.